குழந்தைகளின் தொண்டைப்புண்ணும் பத்து நாள் மருந்தும்

ஐப்பசி அடைமழை பிடித்து, தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நடவு மும்முரமாக நடக்கும் நாட்களில், எந்தக் கிராமத்துச் சங்கத்திற்குத் தணிக்கைக்குச் சென்றாலும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே நம் காதில் விழுவது குழந்தைகளின் இருமல்தான். தறிச் சத்தத்தையும் மீறி அது கேட்கும். தொண்டை வலி என்று பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் திண்ணையில் சுருண்டு படுத்திருப்பதும், கழுத்தில் சுண்ணாம்பும் தேனும் குழைத்துத் தடவியிருப்பதும் இம்மாதங்களில் சாதாரணக் காட்சிகள்.

வரவு செலவு பார்க்கும் கூட்டுறவு இன்ஸ்பெக்டருக்குத் தொண்டைப்புண்ணைப் பற்றி எழுத என்ன அருகதை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நாம் டாக்டர் அல்லோம். ஆயினும் இந்த விஷயம் நம்மிடம் வந்து சேர்ந்தது ஒரு தவணை பாக்கிப் பட்டியலின் வழியாகத்தான்.

கடந்த பங்குனியில், கூட்டுறவு ஆண்டு முடியும் தறுவாயில், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொரு ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறாத அங்கத்தினர் ஒருவர், மாசி முழுவதும் ஒரு சேலைகூட நெய்து ஒப்படைக்கவில்லை; வாங்கிய நூல் அப்படியே அவரிடம் இருந்தது. நூலை வெளியில் விற்றுவிட்டாரோ என்று சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். நாம் நேரில் சென்று பார்ப்பதே முறை என்று அவர் வீட்டுக்குப் போனோம்.

நூல் சிட்டம் சிட்டமாக மூங்கிற் கொடியில் பத்திரமாகத் தொங்கிற்று. பாவு பாதியில் நின்றிருந்தது. "என்ன அண்ணாச்சி, தறி இறங்கி நாளாச்சு போலிருக்கிறதே?" என்றோம். அவர் உள்ளே கையைக் காட்டினார். பத்து வயதுப் பெண் ஒருத்தி சுவரோரம் படுத்திருந்தாள். "பாளையங்கோட்டைக்கும் இங்கேயுமாக அலைகிறோம் சார். பிள்ளைக்கு இருதயத்தில் கோளாறு என்கிறார்கள்" என்றார்.

அந்தப் பெண் பள்ளி விட்டு வந்ததும் தாயாருக்குத் தார் சுற்றிக் கொடுப்பது வழக்கமாம். மாசிப் பிறப்பில் அவள் கையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. சோற்றுத் தட்டைக் கீழே போட்டாள். கையெழுத்து கோணலாயிற்று. கையும் காலும் அவள் இஷ்டத்துக்கு அடங்காமல் துள்ளின. முகம் தானாகக் கோணிற்று. வேண்டுமென்றே செய்கிறாள் என்று பள்ளியில் கண்டித்தார்கள். வீட்டில் தாயாரே முதுகில் இரண்டு வைத்தாராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாளால் பேச முடியவில்லை. பிறகு கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த டாக்டர் கை காலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி இது: "சில மாதங்களுக்கு முன்பு இவளுக்குத் தொண்டை வலி வந்ததா?"

வந்திருந்தது. ஐப்பசியில் கடும் ஜுரத்துடன் வந்தது. மருந்துக் கடையொன்றில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் ஜுரம் விட்டது. மூன்றாம் நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். மீந்த மாத்திரைகள், தம்பிக்கு வந்தால் ஆகுமென்று தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தப்பட்டன. நாம் பார்த்தபோதும் அவை அங்கேயே இருந்தன.

ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடித்துப் பார்த்ததில், மிட்ரல் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிவது தெரிந்தது. தொண்டையில் ஐப்பசியில் வந்தது மாசியில் இருதயத்தில் வந்து நின்றது. இது எப்படி என்று அன்றிலிருந்து நாம் டாக்டர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

தொண்டைப்புண் என்பது ஒரு நோயன்று. பல நோய்கள் ஒரே வாசலில் வந்து நிற்பதற்கு நாம் இட்ட ஒரே பெயர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வைரஸ்களால் வருகின்றன. மருத்துவரிடம் தொண்டை வலி என்று வரும் குழந்தைகள் 100 பேரில், உத்தேசமாக 20 முதல் 30 பேருக்குத்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா காரணமாகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சளி வைரஸ்களோ, இன்ஃப்ளூயென்சாவோ, அடினோ வைரஸோ, 2020-க்குப் பின் நாமெல்லாம் பெயரறிந்துவிட்ட கொரோனா வைரஸோ காரணமாயிருக்கும்.

பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் உள்ள வேற்றுமையைப் புரிந்துகொண்டால் மருந்து விஷயம் பாதி விளங்கிவிடும். பாக்டீரியா தனித்து வாழவல்ல ஓர் உயிர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள உருண்டை; பல உருண்டைகள் கோத்த மணிமாலைபோல் பூதக்கண்ணாடியில் தெரியும். அதற்கு உணவு தேடத் தெரியும், பெருகத் தெரியும், தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளவும் தெரியும். பெனிசிலின் செய்வதெல்லாம் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பதுதான். சுவர் எழாத கிருமி வெடித்துச் சாகும். வைரஸோ அதைவிட மிக மிகச் சிறியது. தனக்கென்று வீடோ சுவரோ இல்லாமல், நம் உடம்பின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் தறியிலேயே தன் துணியை நெய்துகொள்வது. சுவரே இல்லாத இடத்தில் சுவரைத் தடுக்கும் மருந்துக்கு வேலை என்ன? ஆகவேதான் வைரஸ் தொண்டைப்புண்ணுக்கு எத்தனை விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் ஒரு மணி நேரங்கூட முன்னதாக ஆறுவதில்லை. நம் உடம்பின் காவற்படையே ஐந்து முதல் ஏழு நாட்களில் அதனை ஒழித்துவிடுகிறது.

இதை எழுதும்போது நம் வீட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நமது ஆறு வயது மகனுக்கு ஒரு முறை மூக்கொழுக்கும் இருமலும் குரல் கம்மலுமாகத் தொண்டை வலி வந்தது. டாக்டர் அம்மாள் தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், ஜுரத்துக்கு மட்டும் பாராசிட்டமால் எழுதினார். "ஆன்டிபயாடிக் எழுதவில்லையே?" என்று நாம் கேட்டோம். "இது வைரஸ், தேவையில்லை" என்றார். நாம் விடாமல் வற்புறுத்தினோம். அவர் பொறுமையாக மறுத்தார். மனக்குறையோடுதான் வீடு திரும்பினோம். வேறு டாக்டரிடம் போகலாமா என்றுகூட மனைவியிடம் பேசினோம். ஐந்தாம் நாள் பையன் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பட்டதாரி என்று பெயர். பிள்ளைக்கு ஜுரம் என்றால் படித்த படிப்பு எங்கோ போய்விடுகிறது.

அப்படியானால் எது வைரஸ், எது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர்களே வெறுங்கண்ணால் பார்த்து உறுதி சொல்வது கடினம் என்கிறார்கள். ஆயினும் சில அடையாளங்கள் உண்டு. மூக்கொழுக்கு, இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு ஆகியவை கூடவே வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். வாயினுள் சிறு கொப்புளங்களும், கை கால்களில் பொரிகளும் தோன்றினால் அதுவும் வைரஸின் வேலையே. 2022-ல் மலைக்கு அப்பால் கொல்லம் பகுதியில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பாகப் பேசப்பட்டது இந்தக் கை, கால், வாய் நோயின் ஒரு வகைதான் என்று பின்னர் கருதப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண் வருவது அபூர்வம்.

இதற்கு மாறாக, ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று தொண்டை வலி கண்டு, எச்சில் விழுங்கவே நோகிறது; ஜுரம் 100.4 டிகிரிக்கு மேல் போகிறது, சளியில்லை, இருமலில்லை, தாடைக்குக் கீழே கழுத்தின் முன்புறம் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது, வாயைத் திறந்து பார்த்தால் இரு புறத்து டான்சில் சதைகளும் வீங்கிச் சிவந்து, மேலே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ்ப் புள்ளிகள் படிந்திருக்கின்றன. இவை சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஐயுற வேண்டும். சிறு பிள்ளைகள் தலைவலி, வயிற்று வலி, வாந்தி என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை மருந்துக் கடைக்கு அன்று, டாக்டரிடமே கொண்டுபோக வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஒன்றிரண்டு நாளாகும். சில நிமிஷங்களில் விடை சொல்லும் சோதனையும் இருக்கிறது. ஆனால் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

ஒன்றிரண்டு நாள் காத்திருந்தால் நோய் முற்றிவிடாதா என்று தாய்மார்கள் அஞ்சலாம். தொண்டை வலி கண்ட நாளிலிருந்து ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் மருந்தைத் தொடங்கிவிட்டால் இருதயத்தைக் காக்க முடியும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆதலால் சோதனை முடிவுக்காக ஒரு நாள் காத்திருப்பதில் அபாயமில்லை. ஒன்பது நாளையும் கைவைத்தியத்திலேயே கழித்துவிடுவதுதான் அபாயம்.

இனி, தொண்டையிலுள்ள கிருமிக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பார்ப்போம். கிருமி தொண்டையிலிருந்து நடந்து இருதயத்துக்குப் போவதில்லை. இது பலரும் அறியாத விஷயம். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேற்புறத்தில் உள்ள சில பொருள்கள், நம் இருதய வால்வு, மூட்டு, மூளை ஆகியவற்றின் பகுதிகளை ஒத்திருக்கின்றன. கிருமியை எதிர்க்கவென்று உடம்பு தயாரிக்கும் காவற்படை, ஒரே சாயத்தில் தோய்த்த இரண்டு சிட்டங்களை இருட்டில் மாற்றி எடுப்பவனைப்போல, கிருமி என்று எண்ணித் தன் உறுப்பையே தாக்கத் தொடங்குகிறது. தொண்டைப்புண் ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின், பிள்ளையும் பெற்றோரும் அதை மறந்துவிட்ட நேரத்தில், இது வெளிப்படும். இதற்கு ருமாட்டிக் ஜுரம் என்று பெயர். வாதஜுரம் என்றும் சொல்வர்.

இதன் அடையாளங்களை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். முழங்கால் வீங்கி வலிக்கும், இரண்டு நாளில் அது சரியாகிக் கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. வலி இப்படி மூட்டுக்கு மூட்டுத் தாவுவது இதன் குணம். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு வலி என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். ஓடியாடும் பிள்ளை மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். நாம் மேலே சொன்ன பெண்ணுக்கு வந்ததுபோல் கை கால் தானாகத் துள்ளுவதும் இதன் அடையாளமே. கொரியா என்று அதற்குப் பெயர். அது தொண்டை வலி வந்து பல மாதங்கள் கழித்தும் வரக்கூடும். ஆதலால்தான் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் போய்விடும். கை கால் துள்ளலும் சில மாதங்களில் அடங்கிவிடும். வால்வில் விழுந்த காயம் மட்டும் போவதில்லை. ஒவ்வொரு முறை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக்கு வரும்போதும் அந்தக் காயம் ஆழமாகும். பத்து இருபது ஆண்டுகளில் வால்வு தடித்துச் சுருங்கிவிடும். பெண்ணாயின், பலருக்கு முதல் பிரசவத்தின்போதுதான் மூச்சுத் திணறி விஷயம் வெளிவருகிறது.

அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருந்தே கொடுக்காமல் விட்டாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண் வந்த 100 பேரில் மூவருக்கு மேல் இந்த ஜுரம் வருவதில்லை. பல இடங்களில் அதனினும் குறைவே. ஆனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் இந்த வால்வு நோயுடன் வாழ்கிறார்கள், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இறக்கிறார்கள். அவர்களில் இந்தியரின் பங்கு பெரிது. 2018 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இதற்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் சுற்றுப்புறக் கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகளிடையே இக்கிருமியை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

தடுக்க முடியும் என்பது எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் வயோமிங் என்னும் மாநிலத்தின் விமானப்படை முகாம் ஒன்றில், தொண்டைப்புண் கண்ட வீரர்களில் சுமார் 800 பேருக்குப் பெனிசிலின் கொடுத்தும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையினருக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். 1950-ல் முடிவு வெளியாயிற்று. கொடுக்காதவர்களில் 17 பேருக்கு ருமாட்டிக் ஜுரம் உறுதியாக வந்தது, கொடுத்தவர்களில் இருவருக்கே. நம் நாட்டில் புனாவை அடுத்த பிம்ப்ரியில் 1954-ல் அரசாங்கமே ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிப் பெனிசிலின் உற்பத்தியில் இறங்கியது. அன்று அருமருந்தாயிருந்தது இன்று மலிவு மருந்துகளில் ஒன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பெனிசிலினுக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது என்பது மருத்துவ உலகில் ஓர் அதிசயம். வேறு சில புது மாத்திரைகளை அது எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே, விலையுயர்ந்த மாத்திரை என்பதற்காக அது சிறந்தது என்று நினைப்பது தவறு.

ஆனால் மருந்து பத்து நாட்கள் முழுமையாகச் செல்ல வேண்டும். பெனிசிலினோ அமாக்சிசிலினோ டாக்டர் எழுதிக் கொடுத்தால், இரண்டாம் மூன்றாம் நாள் ஜுரம் விட்டு, பிள்ளை சோறு கேட்டாலும், பத்தாம் நாள் வரை கொடுத்தாக வேண்டும். வலி போனதென்றால் கிருமி போயிற்று என்று பொருளன்று. டான்சில் சதையின் மடிப்புகளில் அது ஒளிந்திருக்கும். முதல் மூன்று நாள் மருந்து வலிக்கு என்றும், மிச்ச ஏழு நாள் மருந்து இருதயத்துக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் கொடுப்பது இயலாத வீட்டுக்கு, நீண்ட நாள் உடம்பில் தங்கும் பென்சாதின் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும். அதைப் போட்டால் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்ற அச்சம் ஊரில் உண்டு. கடும் ஒவ்வாமை மிக அபூர்வமாகவே நேரும். அதற்குரிய மாற்று மருந்து தயாராக உள்ள மருத்துவமனையில் போட்டுக்கொள்வது நல்லது.

ஒவ்வாமை என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. கழுத்தெல்லாம் நெறி கட்டி, வாரக்கணக்கில் சோர்வு தரும் ஒரு வைரஸ் ஜுரம் உண்டு. பார்வைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போலவே இருக்கும். அதற்குத் தவறாக அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெங்கும் தடிப்பு எழும்பும். பிள்ளைக்குப் பெனிசிலினே ஆகாது என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பெனிசிலின் தேவைப்படும் நாள் வரும்போது அதை மறுத்துவிடுகிறார்கள். கடையில் தானாக வாங்கிக் கொடுப்பதன் கேடுகளுள் இதுவும் ஒன்று. டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மாத்திரை அட்டைகளில் நெடுக ஒரு சிவப்புக் கோடு அச்சிட்டிருக்கும். 2016-ல் மத்திய அரசாங்கம் இக்கோட்டைப் பற்றி விளம்பரமும் செய்தது. தகரப் பெட்டியில் மிச்ச மாத்திரை வைத்திருப்பவர்கள் ஒரு முறை எடுத்துப் பார்க்கவும்.

வைரஸ் தொண்டை வலிக்கு நம் வீட்டு முறைகளே போதும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பது, சுக்கும் கருப்பட்டியும் இட்ட காபி, கற்பூரவல்லிச் சாறு, கஞ்சி ஆகியவை இதமளிப்பவையே. நாமும் அவற்றையே நாடுகிறோம். ஒரு வயதாகாத சிசுவுக்குத் தேன் மட்டும் வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுக்கலாகாது. கொதிநீர் ஆவி பிடிக்கச் செய்கையில் பாத்திரம் கவிழ்ந்து வெந்த குழந்தைகளும் உண்டு. உள்நாக்கு விழுந்துவிட்டது என்று உச்சி மயிரைப் பற்றி இழுப்பதால் பெரிய கெடுதலில்லை. வாய்க்குள் விரலை விட்டு உள்நாக்கை அழுத்துவதும், நறுக்குவதும் கொடிய தவறு. வீங்கிய தொண்டையில் கிருமியை நாமே கொண்டுபோய் வைப்பதாகும். ஆற்றில் குளித்ததாலும், குற்றாலச் சாரலில் நனைந்ததாலும், ஐஸ் தின்றதாலும் தொண்டைப்புண் வந்தது என்பார்கள். கிருமியில்லாமல் குளிர்ச்சி மட்டும் புண்ணாக்காது. போர் அடிக்கும் களத்துத் தூசியும், தறி வீட்டுப் பஞ்சுத் தூசியும் தொண்டையை உறுத்தி வறட்டு இருமல் தருவது உண்மை. அதற்கு ஜுரம் இராது.

தொண்டைப்புண்ணில் இன்னொரு பாக்டீரியாவையும் சொல்லாமல் விடலாகாது. தொண்டை அடைப்பான் என்று முன்னோர் அஞ்சிய டிப்தீரியா மறைந்துவிடவில்லை. 2016-ல் கேரளத்தின் மலப்புறத்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளைப் பலி கொண்டது. சாம்பல் நிறத் தோல் ஒன்று தொண்டையில் படர்ந்து மூச்சை அடைக்கும். பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதளவிலும், 5 முதல் 6 வயதிலும், 10, 16 வயதுகளிலும் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படும் ஊசிகளில் இதற்குக் காப்பு உண்டு. கடைசி மூன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எச்சில் விழுங்க முடியாமல் வாயில் வழிந்தாலும், மூச்சு விடுகையில் சத்தம் கேட்டாலும், வாயைத் திறக்க முடியாவிட்டாலும், கழுத்து புடைத்துப் பெருத்தாலும், யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கிறது. நோயின் அறிகுறியே இன்றி அதைத் தொண்டையில் சுமந்து திரியும் பள்ளிப் பிள்ளைகள் பத்தில் ஒருவராவது இருப்பர். இராணுவ முகாம்களில் பார்த்ததில், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே தூரம் குறையக் குறையத் தொற்று மிகுந்ததாம். மேலை நாடுகளில் ருமாட்டிக் ஜுரம் பெனிசிலின் வருவதற்கு முன்பே குறையத் தொடங்கியது. காரணம், மக்கள் நெருக்கமில்லாத வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததே என்கிறார்கள். இதைப் படித்தபோது நமக்குக் குழித்தறி வீடுதான் கண்முன் வந்தது. வீட்டில் நல்ல இடமெல்லாம் தறிக்கு. எஞ்சிய இடத்தில் மழைநாளில் சன்னலையும் அடைத்துக்கொண்டு ஐந்து பேர் ஒரே பாயில் படுக்கிறோம். 1953-ல் மில் துணிமீது விதிக்கப்பட்ட தீர்வை நிதியிலிருந்து கூட்டுறவின் வழியே நெசவாளர் குடியிருப்புகள் கட்டப்பட்டன. வீட்டு வசதிக் கடன் மனுக்கள் இன்றும் பல சங்கங்களில் தூங்குகின்றன என்பது நாம் அறிந்ததே. அவற்றை எழுப்ப வேண்டிய கடமை நிர்வாகக் குழுவுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அதுவரை, தொண்டை வலிக்காரப் பிள்ளையைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்கவைப்பதும், தனி டம்ளர் கொடுப்பதும், மருந்து தொடங்கி ஒரு நாளாவது பள்ளிக்கு அனுப்பாதிருப்பதும் கைச்செலவில்லாதவை.

ஒரு முறை ருமாட்டிக் ஜுரம் வந்த பிள்ளைக்கு, அது மறுபடியும் வராதிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சாதின் பெனிசிலின் ஊசி போட வேண்டும். ஆண்டுக்கு 17 ஊசிகள். ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள், வால்வு கெட்டவருக்கு நாற்பது வயது வரையிலுங்கூட. கடன் தவணையாவது சற்றுத் தள்ளிப் போகலாம். சங்கம் கருணை காட்டும். இந்தத் தவணை தள்ளினால் கருணை காட்டுவோர் யாருமில்லை. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பார்க்கும் அரசு மருத்துவக் குழுவினர், 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி இந்த இருதய நோயையும் தேடிக் கண்டுபிடிக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. அட்டை எடுக்காத அங்கத்தினர்கள் இன்னும் இருப்பதை நாம் பார்க்கிறோம்.

புரட்டாசித் தொடக்கத்தில் அந்தச் சங்கத்துக்கு மீண்டும் போயிருந்தோம். நெசவாளர் வீட்டில் தறி ஓடிற்று. பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கை துள்ளல் நின்றுவிட்டது, ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும் டாக்டர் தடை சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்க்கவென்று பாஸ் புத்தகத்தைக் கேட்டோம். கடைசிப் பக்கத்தில், கட்டிய தவணைகளுக்குப் பின்னால், பென்சிலால் ஒன்பது தேதிகள் எழுதியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக இருபத்தொரு நாள். பத்தாவது தேதியும் முன்கூட்டியே எழுதி, அடியில் கோடிட்டிருந்தது. தகரப் பெட்டியிலிருந்த மாத்திரைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அன்று நாம் போன பிறகு எடுத்துக் குழியில் புதைத்துவிட்டதாக அந்த அம்மாள் சொன்னார்.